மூன்று சுழி ணவும் மூன்று மில்லிமீட்டர் எழுத்தும்

குளச்சல் என்ற சொல்லில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. பித்தளையில் அரித்து எடுக்கும்போது இரண்டும் கரைந்துபோனால் மிஞ்சுவது ‘குளசசல’. வேணாடு என்று எழுதினால் ணகரத்தின் ஒரு சுழி அடைபட்டு ‘வேனாடு’ ஆகிவிடும். மினியேச்சர் உருவத்துக்கு மாதக்கணக்கில் வண்ணம் பூசி, கண்ணிமைக்குக் கோடு இழுத்து, கடைசியில் பீடத்தின் முகப்பில் எழுத்துப்பிழையோடு ஒரு தகட்டை ஒட்டினால் பார்க்க வருகிறவர் கண் நேராக அங்கேதான் போய் நிற்கும்.

பெயர்த்தகடு செய்யக் கிடைக்கும் வழிமுறைகளில் பெரும்பாலானவை ரோமன் பெரிய எழுத்துகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றுக்குத் தலைக்கு மேல் புள்ளியும் கிடையாது, காலுக்குக் கீழ் கொக்கியும் கிடையாது. தமிழுக்கு அந்த அளவுகளை அப்படியே எடுத்தால் தகடு கெடும். தகட்டின் அகலத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குள் எழுத்தைத் திணிப்பதுதான் வழக்கமான தவறு. எழுதப்போகும் சொல்லில் மிகச் சிறிய ஓட்டை எது, மிகச் சிறிய புள்ளி எது என்று பார்த்து, அது பிழைக்கிற அளவை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். தகடு, பீடம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 75 மி.மீ. உயர உருவம், 50 மி.மீ. சதுர மரப்பீடம். மேல் வரி ‘வேணாட்டு வீரர்’, கீழ் வரி ‘குளச்சல், 1741’. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10-இல் வேணாட்டு (திருவிதாங்கூர்) மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக் கம்பெனியைக் குளச்சலில் தோற்கடித்தது. ‘திருவிதாங்கூர்’ என்று போடலாமே என்றால், அந்த ஒரு சொல்லே முப்பது மில்லிமீட்டரைத் தின்றுவிடும். இந்த அளவில் சொல்லைத் தேர்வதும் கைவேலையில் சேர்ந்ததுதான். பெயர், இடம், ஆண்டு போதும். ‘சித்தரிப்பு’, ‘அளவு விகிதம்’, வண்ணம் பூசியவர் பெயர் எல்லாம் பீடத்தின் அடியில் பென்சிலால் எழுத வேண்டியவை.

எழுத்தின் உடல் உயரம், அதாவது ‘ப’ போன்ற எழுத்தின் உயரம், 3 மி.மீ. என்று வைத்தால் மேலே புள்ளிக்கும் இகர, ஈகர விசிறிக்கும் 1 மி.மீ., கீழே ‘கு’, ‘டு’ போன்றவற்றின் வாலுக்கு 1 மி.மீ. ஆக ஒரு வரிக்கு 5 மி.மீ. இரண்டு வரிக்கு 10, நடுவில் 1, மேலும் கீழும் ஓரச்சட்டத்தோடு ஒன்றரை ஒன்றரை. மொத்தம் 14 மி.மீ. உயரம். ஆங்கிலத்தில் இதே இரண்டு வரி 10 மி.மீ.க்குள் முடிந்துவிடும். அகலம் இரண்டு வரிக்குமே 31 முதல் 34 மி.மீ. வரை வரும், ஓரத்தோடு 40. ஐம்பது மி.மீ. முகப்பில் இரு பக்கமும் 5 மி.மீ. மரம் தெரியும். அது போதும், அதற்குக் குறைந்தால் தகடு பீடத்தை மூடிக்கொண்டு நிற்பதுபோல் ஆகும்.

பீடத்தின் உயரம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே ஓர் அளவுகோல் கடலில் நிற்கிறது. வள்ளுவர் சிலையில் பீடம் 38 அடி, உருவம் 95 அடி. அதே விகிதத்தில் 75 மி.மீ. உருவத்துக்கு 30 மி.மீ. பீடம் வரும். அதில் 14 மி.மீ. தகட்டை வைத்தால் மேலும் கீழும் 8 மி.மீ. மிச்சம். அதிகாரங்களின் எண்ணிக்கைக்காக வைத்த அளவுதான் அது, ஆனாலும் மேசைமேல் நிற்கும் உருவத்துக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

அடுத்து எழுத்துரு. பித்தளையை அரிக்கும் கரைசலான ஃபெரிக் குளோரைடு தகட்டைக் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை, பக்கவாட்டிலும் அரிக்கும். 0.1 மி.மீ. ஆழம் போனால் ஒவ்வொரு ஓரத்திலும் ஏறக்குறைய 0.1 மி.மீ. உள்ளே தின்னும். எழுத்தைக் குழியாக்கினால், கோடு 0.2 மி.மீ. தடித்து, சுழியின் உள் ஓட்டை 0.2 மி.மீ. சுருங்கும். எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள பரப்பை அரித்தால், அதாவது புடைப்பு எழுத்தானால், கோடு 0.2 மி.மீ. மெலிந்து, சுழி அதே அளவு அகலமாகும்.

3 மி.மீ. எழுத்தில், எழுத்துருவின் மெல்லிய எடையில், அதாவது மெலிந்த வடிவத்தில், கோடு கிட்டத்தட்ட 0.25 மி.மீ. இருக்கும். குழியாக அரித்தால் 0.45 ஆகும், பரவாயில்லை. ஆனால் ணகரத்தின் உள்சுழி 0.4 மட்டுமே இருந்தால் 0.2 ஆகிச் சுருங்கி, மைகொண்டு நிரப்பும்போது அடைபட்டுப்போகும். தடித்த எடையில் கோடு 0.6, புடைப்பாக அரித்தால் 0.4 மிஞ்சும், சுழிகள் திறந்துகொள்ளும். அதனால் தமிழுக்குப் புடைப்பு எழுத்தே நல்லது என்பது இங்கே வைக்கும் தீர்ப்பு. ஞ, ண, ழ, ஐ வரும் சொற்களுக்கு இதில் இரண்டு பேச்சே இல்லை. புடைப்பில் ஆபத்து புள்ளிக்குத்தான். எழுத்துருவோடு வரும் புள்ளி இந்த அளவில் 0.5 மி.மீ. விட்டம் இருந்தால் அரித்தபின் 0.3 ஆகி, உப்புத்தாள் பட்டதும் போய்விடும். வரைகலை மென்பொருளில் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து 0.8 மி.மீ.க்குப் பெரிதாக்க வேண்டும். திரையில் கேலிச்சித்திரம்போல் தெரியும். தகட்டில் சரியாக உட்காரும். பழைய ஓலைகளிலும் கல்வெட்டுகளிலும் புள்ளியை விட்டே எழுதினார்கள். சிதறால் மலையில் வட்டெழுத்தைப் படிக்க முயன்றவர்களுக்கு அதன் சிரமம் தெரியும். அந்த வசதியை நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

எழுத்துருவில் கோட்டின் தடிமன் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் மூன்றும் பல எடைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள், ‘ர்’ரும் ‘ச்’சும் ஒட்டிக்கொள்ளாத அளவுக்கு. அச்சுக்குக் கொடுக்கும்முன் எழுத்துகளைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் டிடிபி கடைக் கணினியில் திறந்ததும் ‘வே’யின் இரட்டைக்கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘ணா’ இரண்டாய்ப் பிரியும். கடைக்காரர் அவசரத்தில் பழைய எழுத்துருவில் மறுபடி தட்டித் தருவார், அளவெல்லாம் மாறிப்போகும்.

படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி, லேசர் பிரிண்டரில் அச்சிட வேண்டும். இந்த அச்சைத்தான் சூட்டால் தகட்டுக்கு மாற்றப்போகிறோம். இங்க்ஜெட் உதவாது, அரிப்பைத் தடுப்பது மையல்ல, லேசர் பிரிண்டரின் பொடியான டோனரில் உள்ள பிளாஸ்டிக். புடைப்பு எழுத்துக்கு எழுத்தும் சட்டமும் கறுப்பு, பின்புலம் வெள்ளை. வழவழப்பான வார இதழ்த் தாள் நன்றாக வேலை செய்யும். ஒரே தாளில் அதே தகட்டை ஆறு முறை அச்சிட்டு, பூதக்கண்ணாடியில் பார்த்துச் சுழிகள் தெளிவாக விழுந்த இரண்டை மட்டும் எடுங்கள். திருப்பிய தமிழைக் கண் நம்பிவிடும். அச்சிட்ட தாளை ஒரு முகம்பார்க்கும் கண்ணாடிக்கு முன் பிடித்துப் படித்துவிடுவது நல்லது.

பித்தளை 26 கேஜ், ஏறத்தாழ 0.46 மி.மீ. இதைவிட மெல்லியது இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் நெளியும், தடித்ததை வெட்டுவது பாடு. 400 எண் தண்ணீர்த்தாளால் ஒரே திசையில் தேய்த்து, பிறகு 600. அடுத்து புளி. குத்துவிளக்கு தேய்க்கிற அதே புளியும் உப்பும்தான், ஆக்சைடு படலத்தை எடுக்க அதைவிட மலிவான அமிலம் வீட்டில் இல்லை. பாத்திர சோப்பால் கழுவித் தண்ணீரை ஓடவிடுங்கள். தண்ணீர் படலமாய்ப் பரவி நின்றால் தகடு சுத்தம். முத்து முத்தாய்ப் பிரிந்தால் எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். கடைசியாக அசிட்டோனில் நனைத்த பஞ்சு. அதன்பிறகு விரல் படக்கூடாது. தகட்டைச் சரியான அளவுக்கு முன்னாலேயே வெட்டாதீர்கள், நான்கு பக்கமும் 5 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும்.

நீராவி இல்லாமல், பருத்தித் துணிக்கான சூட்டில் இஸ்திரிப் பெட்டி. முதலில் வெறும் தகட்டை அரை நிமிடம் சூடாக்கி, தாளை முகம் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு வெள்ளைத்தாள் போட்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். அழுத்துவதுதான், தேய்ப்பதல்ல, தேய்த்தால் டோனர் வழுக்கி எழுத்து இரட்டையாகும். சூடு குறைந்தால் டோனர் ஒட்டாது, கூடினால் உருகிப் பரவிச் சுழிகளை அடைக்கும். ஆறியதும் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, விரல்நுனியால் தாளை உருட்டி உருட்டி எடுக்கவும். சுழிகளுக்குள் ஒரு வெள்ளை நார்ப்படலம் தங்கும். கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியாது. அதை விட்டால் அந்த இடம் அரிக்காது. பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்து, அடைபட்ட சுழியை ஊசிமுனையால் திறந்து, விட்டுப்போன இடத்தை மெல்லிய பெர்மனன்ட் மார்க்கரால் தொட்டுவிடுங்கள். இந்த ஒரு கட்டத்துக்கு அரை மணி நேரம் கொடுப்பது தகும். இதில் விட்ட பிழையைப் பிறகு எதனாலும் சரிசெய்ய முடியாது. பின்பக்கமும் ஓரங்களும் பேக்கிங் டேப்பால் மூடப்பட வேண்டும்.

ஃபெரிக் குளோரைடு எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் சர்க்யூட் போர்டு கரைக்கும் பொடியாகக் கிடைக்கும். கால் லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம். தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றக்கூடாது. சூடேறித் தெறிக்கும், புகையும். பிளாஸ்டிக் டப்பா அல்லது கண்ணாடி மட்டும். எவர்சில்வரும் அலுமினியமும் ஓட்டையாகும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல். சமையலறையில் வேண்டாம். மொசைக் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் பழுப்புக் கறை அப்படியே தங்கும், ஆகவே கீழே பழைய செய்தித்தாள் நாலு மடிப்பு.

தகட்டை முகம் கீழாக, டேப்பில் தொங்கவிட்டுக் கரைசலில் மிதக்க விடுங்கள். அரிபட்ட கசடு கீழே விழுந்துகொண்டே இருக்க வேண்டும். முகம் மேலே இருந்தால் கசடு எழுத்துகளுக்கிடையே படிந்து அரிப்பு மேடுபள்ளமாகும். ஆனால் கவிழ்த்து வைத்தால் வேறொரு தொல்லை. மூடிய சுழிகளுக்குள் காற்றுக்குமிழி சிக்கிக்கொள்ளும், அந்த இடம் அரிக்காமல் மேடாகவே நிற்கும். ‘ண’, ‘வ’, ‘ழ’ எல்லாம் குமிழிக்கென்றே செய்த கிண்ணங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கி, சாய்த்து இறக்க வேண்டும். டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைசலை 40 டிகிரி அளவில் வைத்தால் அரை மணி முதல் முக்கால் மணியில் 0.1 மி.மீ. வரும். ஊசியை மெல்ல இழுத்துப் பாருங்கள், எழுத்தோரத்தில் தெளிவாக இடறினால் எடுத்துவிடலாம். இன்னும் கொஞ்சம் ஆழமாகட்டுமே என்று விடுவதில்தான் பாதித் தகடுகள் கெடுகின்றன. ஆழம் கூடக்கூடப் பக்கவாட்டு அரிப்பும் கூடுமல்லவா.

எடுத்ததும் சலவைச்சோடா கலந்த தண்ணீரில் முக்கி, கழுவி, டோனரை அசிட்டோனால் துடைக்கவும். அரிபட்ட பரப்பு செம்பு நிறமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். துத்தநாகம் முந்திக் கரைந்து செம்பு மேலே நிற்கிறது, வண்ணம் மூடிவிடும்.

மேலே சொன்ன அளவுத் தகடு பத்துப் பன்னிரண்டுக்குக் கரைசல் தாங்கும். பிறகு கறும்பச்சையாகி மந்தமாகும். அதில் செம்பு இருக்கிறது. கிணறும் குளமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஊரில் அதை வாழைமூட்டில் ஊற்றுவது அநியாயம். சலவைச்சோடாவை நுரை அடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இரண்டு நாள் தெளியவிட்டால் கசடு அடியில் இறங்கும். கசடைச் சிமென்டோடு பிசைந்து ஒரு பழைய டப்பாவில் இறுகவிட்டு, மூடி வைத்துவிடலாம்.

வண்ணத்துக்கு எனாமல். அக்ரிலிக், தண்ணீர்த்தாள் பட்டதும் தோலாக உரியும். மங்கல் கறுப்போ கருஞ்சிவப்போ மெல்லிய பூச்சு ஒன்று போதும், எழுத்தின் மேலும் சேர்த்தே பூசலாம். காய இரண்டு நாள். சாரல் காலத்தில் நான்கு. நகம் பதிந்தால் காயவில்லை. பிறகு ஒரு கண்ணாடித்துண்டில் 1000 எண் தண்ணீர்த்தாளை ஒட்டி, தாளின்மேல் தகட்டைக் கவிழ்த்து ஒரே திசையில் இழுக்க வேண்டும். தாளைக் கையில் பிடித்துத் தகட்டைத் தேய்த்தால் ஓர எழுத்துகள் உருண்டுபோகும். 0.8 மி.மீ. அகலச் சட்டத்தை ஓரத்தில் விட்டது அழகுக்காக மட்டுமல்ல. தாள் மீது தகடு ஆடாமல் ஓட அதுதான் தண்டவாளம். எழுத்து பளிச்சென்று தெரிந்த கணத்தில் நிறுத்தி, 1500-இல் நாலே இழுப்பு. இதன்பிறகுதான் வெட்டு: உலோகத்துக்கான கீறல் கத்தியால் ஓரத்தில் பத்துப் பதினைந்து முறை கீறி, இடுக்கியில் பிடித்து முன்னும் பின்னும் மடித்தால் நேராக உடையும். தகரக் கத்தரி தகட்டைச் சுருட்டிவிடும். ஓரத்தை அரத்தால் லேசாகச் சரித்துவிடுங்கள்.

வட்டப்பீடமானால் வளைப்பது அரித்தபின், வண்ணத்துக்கு முன். தகடு விட்டுக்கொடுத்து விரியும், ஆகவே 50 மி.மீ. பீடத்துக்கு 40 மி.மீ. குழாய்மேல் வளைக்க வேண்டும். வளைந்த தகட்டைக் கண்ணாடிமேல் தேய்க்க முடியாதென்பதால் வேலை இரட்டிப்பு. சதுரப் பீடத்தோடு இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

இத்தனை பாடு வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழி. தங்கநிற ஸ்டிக்கர் தாளில் லேசர் அச்சு எடுத்து, அரை மி.மீ. பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டி, ஓரத்தைக் கறுப்பாக்கலாம். கையெட்டும் தூரத்தில்தான் வித்தியாசம் தெரியும். இன்னொன்று, சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருகிறவர். அதிரும் முனையால் புள்ளி புள்ளியாக அவர் எழுதும் கையெழுத்துக்கு ஒரு களை உண்டு. மூன்று மி.மீ.யில் அது முடியாது, 6 மி.மீ. எழுத்தில் ஒற்றைச் சொல் என்றால் அருமையாக வரும். தகட்டைக் கெட்டியான மரக்கட்டையில் இருபக்க டேப்பால் ஒட்டிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அதிர்வில் வில்லாய் வளையும்.

பீடத்துக்கு ஆசாரி பட்டறையில் விழும் துண்டுகளே போதும். அயனி லேசானது, இழை அழகு. ரப்பர் மரம் மலிவு, ஆனால் பதப்படுத்தாததில் வண்டு விழும், ஈரத்தில் நீலம் பூக்கும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டுமிடத்தை அசிட்டோனால் துடைத்த உடனேயே ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு இரண்டு டியூப் கலக்கும் எபாக்சி. சூப்பர் குளூ வேண்டாம். காற்றின் ஈரத்தில் அதன் ஆவி வெண்புகையாய்ப் படிந்து, கறுப்புப் பின்புலத்தைச் சாம்பலாக்கும். இரண்டு மழைக்காலமும் பெய்கிற மாவட்டத்தில் அந்த ஈரம் இல்லாத நாட்கள் குறைவு.

பித்தளை மங்காமல் காக்கக் கடைசியில் தெளிக்கும் நிறமற்ற லாக்கர் பூச்சுக்கும் அதே ஈரம்தான் எதிரி. மழை நாளில் தெளித்தால் பூச்சு பால்போல் வெளுக்கும். வெயில் அடிக்கும் நாளில், பதினோரு மணிக்கு மேல், தகட்டைப் பத்து நிமிடம் வெயிலில் வைத்து இளஞ்சூடாக்கிவிட்டு, இரண்டு மெல்லிய பூச்சு. வெளுத்துவிட்டால் காய்ந்த நாளில் அதே லாக்கரை மிக லேசாக மறுபடி தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கடற்கரை ஊர்களில் லாக்கர் இல்லாத பித்தளை சில வாரங்களில் மங்கும். விரல்ரேகை பட்ட இடம் முதலில் பழுக்கும். மங்கியபின் பித்தளை பாலிஷ் போடாதீர்கள். அது எழுத்துகளுக்கிடையே புகுந்து வெள்ளைப் பொடியாய்க் காயும், வண்ணத்தையும் இளக்கும்.

எல்லாம் செய்தும் ஒரு புள்ளி போய்விட்டதென்றால் தகட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. மரத்தில் ஒட்டும்முன், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் 0.6 மி.மீ. துரப்பண ஊசியால் கையாலேயே துளையிடுங்கள். அதே தடிமன் பித்தளைக் கம்பியைப் பின்பக்கமிருந்து செருகி, முன்பக்கம் அரை மி.மீ. நீட்டி, பின்னால் ஒரு துளி எபாக்சி. மறுநாள் முன்பக்கத்தை 1000 எண் தாளில் சட்டத்தின் மட்டத்துக்குத் தேய்த்துவிட்டால், ‘ச’ மறுபடி ‘ச்’ ஆகிவிடும்.